ஊரணியும் பொதுப்பணமும்

(நமது சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று காலை கூடிய காரியக் கமிட்டியில், நமது பூர்விக ஊரின் ஊரணியைச் செப்பனிடும் பொருட்டு அங்கத்தினரிடையே நன்கொடை திரட்டுதல் வேண்டும் என்று ஒரு தீர்மானம் பிரேரேபிக்கப்பெற்றது. ஆதரித்தோர் சிலர், மறுத்தோர் சிலர். மறுத்தவருள் ஒருவர், "வீட்டுவரி கொடுக்கின்றோம், வாங்கும் ஒவ்வொரு பண்டத்தின் மீதும் வரி கொடுக்கின்றோம், ஊரணியைப் பேணுவது சர்க்காரின் கடமை, ஒரே வேலைக்கு இரு முறை பணம் கொடுப்பானேன்?" என்றார். ஆதரித்தவருள் ஒருவர் எழுந்து, "நம் பாட்டனார் எந்தச் சர்க்காரைக் கேட்டுக்கொண்டு அதனை வெட்டினார்?" என்று விடையிறுத்தார். இருவர் சொல்லும் கைதட்டலைப் பெற்றன. தீர்மானம் மட்டும் நிறைவேறவில்லை. மாலைக் கூட்டத்தில் இவ்விஷயம் பற்றிச் சிறிது பேசுமாறு அக்கிராசனர் எம்மைப் பணித்தார். பகலுணவுக்குப் பின் கிடைத்த இரண்டு மணி நேரத்தில் எடுத்துக்கொண்ட சில குறிப்புகளையும், நெடுநாளாக மனத்திற் கிடந்த சில எண்ணங்களையும் உங்கள் முன் வைக்கின்றோம்.

நம் ஊர் இராமநாதபுரச் சீமையைச் சார்ந்தது. அங்கே கிணறு தோண்டினால் பல இடங்களில் உப்புநீரே ஊறும் என்பதை இங்குள்ள முதியோர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. ஆகவே, மழைநீரைத் தேக்கி, அதனையே ஆண்டு முழுவதும் குடிக்கும் வழக்கம் அந்நாட்டில் உண்டாயிற்று. கண்மாய் பயிருக்கு, ஊரணி குடிநீருக்கு. ஊரணிக்கு நீர் கொணரும் வரத்துக்கால், மண்ணை வடிக்கும் குழி, இறங்கியெடுக்கப் படித்துறை, மிகுந்த நீரை வெளியேற்றக் கலுங்கு, கால்நடை புகாதபடி சுற்றுக்கரை என்று எல்லாம் அளவறிந்து அமைத்தவை. அதிற் குளித்தலும் துணி துவைத்தலும் ஆகா. கோடையில் நீர் வற்றிய பின் அடியிற் படிந்த வண்டலை அள்ளி வயலிற் கொட்டுவர். ஊரணியும் தூய்மையாகும், வயலும் உரம் பெறும்.

இந்த ஒழுங்கு ஏன் குலைந்தது? சோம்பலினால் என்று எளிதாய்ச் சொல்லிவிடலாம். யாம் அவ்வாறு எண்ணவில்லை. 2010-ஆம் ஆண்டை ஒட்டிக் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் குழாய்கள் நம் மாவட்டத்தை அடைந்தன. அது பெரிய நன்மை. நம் தாய்மார்கள் குடம் சுமந்து நடந்த தொலைவை அறிந்தவர் எவரும் அதனைக் குறை கூறார். ஆயினும் குழாய் வந்த நாள்முதல் ஊரணியைக் காப்பதில் எவருக்கும் தன்னலம் இல்லாது போயிற்று. துணி துவைப்பவரைத் தடுத்துக் கூவிய கிழவியின் குரல் ஓய்ந்தது. குழாயில் நீர் வாரத்திற்கு ஒரு நாள் வரும் நிலையிலும், ஊரணியை நோக்கித் திரும்புவார் இல்லை. லாரித் தண்ணீர் விலைக்கு வாங்கப்படுகின்றது. சர்க்கார் செலவிட்ட பணம் ஒரு வசதியைத் தந்தது. அதனோடு ஒரு பழக்கத்தையும் கொண்டுபோயிற்று. இதனைக் கணக்கிற் காட்டும் தலைப்பு எந்த வரவுசெலவுத் திட்டத்திலும் இல்லை.

இனி, நாம் முன்பு ஒரு முறை செய்த காரியத்தையும் மறைக்கலாகாது. சில ஆண்டுகளுக்கு முன் இச்சங்கமே பணம் திரட்டி, ஒரு வாரம் இயந்திரம் வைத்துச் சீமைக் கருவேலத்தை வேரோடு பெயர்த்து, ஊரணியைத் தூர் வாரிற்று. வேலை முடிந்த அன்று படம் எடுத்து நமது பத்திரிகையில் வெளியிட்டோம். சென்னையிலும் கோலாலம்பூரிலும் உள்ள அங்கத்தினர் மகிழ்ந்து கடிதம் எழுதினர். இரண்டு மழைக்காலம் கழிந்தது. மரம் முளைத்தது, ஆள் உயரம் வளர்ந்தது, இன்று படித்துறை கண்ணுக்குப் புலப்படவில்லை. பணம் கொடுத்தவர் ஏமாற்றப்படவில்லை; ஒரு காசும் வீண் போகவில்லை; கணக்கு ஒழுங்காகவே உளது. பின் குறை யாது? தூர் வாருவதற்குப் பணம் திரட்டினோமேயன்றி, அதன்பின் ஆண்டுதோறும் களை பிடுங்குபவனுக்குக் கூலி எங்கிருந்து வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. (கேட்டிருக்க வேண்டியவருள் யாமும் ஒருவர், அப்பொழுது பொருளாளராக இருந்தோம்.)

முன்னோர் இக்கேள்வியைக் கேட்டிருந்தனர். பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் 919, 921-ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை. அவற்றிற் குறிக்கப்பட்ட வாரியங்களுள் ஏரி வாரியமும் ஒன்று. குளத்தைக் காக்கவென்றே நிலத்தை விட்டு அதனை ஏரிப்பட்டி என வழங்கினர். ஏரிக்கென ஆயம் தண்டினர். மீன்பிடி வருவாயும் அதற்குப் பயன்பட்டதுண்டு. ஒரு முறை உள்ளம் நெகிழ்ந்து கொடுக்கும் கொடையை நிலமாக்கி, அந்நிலத்தின் விளைவை ஆண்டுதோறும் குளத்திற்குச் சேரச் செய்ததே அவர்கள் கையாண்ட வழி. பிற்காலத்தில் ஏரி மானியங்கள் குறைந்தும் மறைந்தும் போயின. வரி மட்டும் முறையாகச் சர்க்காரின் கஜானாவைச் சேர்ந்தது. மராமத்துக்கு ஊரார் கையை நோக்கினர். ஊரார் சர்க்காரின் கையை நோக்கினர்.

இவ்விடத்தில் "குடிமராமத்து" என்னும் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. மேடைதோறும் இச்சொல் இனிமையாக ஒலிக்கின்றது. ஊரார் தாமே மகிழ்ந்து கூடி, மண்வெட்டி எடுத்து, கரையை உயர்த்தினர் என்றொரு சித்திரம் நம் மனக்கண்முன் எழுகின்றது. ஆனால் 1858-ஆம் ஆண்டில் சென்னை இராஜதானிக்கென இயற்றப்பட்ட சட்டம் எதுவெனின், கட்டாய உழைப்புச் சட்டமே. வழக்கப்படி செய்யவேண்டிய மராமத்து வேலைக்கு வராதவன், அவ்வுழைப்பின் மதிப்பைப்போல் இரு மடங்கு செலுத்தவேண்டும் என்று அது விதித்தது. தாமே மகிழ்ந்து செய்யும் காரியத்திற்குத் தண்டச் சட்டம் எதற்கு? இங்கிலாந்துப் பேராசிரியர் டேவிட் மோஸ் என்பார் நம் சீமைக் கண்மாய்களை ஆராய்ந்து 2003-இல் ஒரு நூல் வெளியிட்டார். ஊர்ப் பொது ஒற்றுமையினால் மட்டும் கண்மாய்கள் நின்றன என்னும் எண்ணம் சரித்திரத்தோடு முழுதும் பொருந்தாது என்றும், அரசர், பாளையக்காரர், ஊர்த் தலைவர் ஆகியோரின் அதிகாரமும் மரியாதையும் அதனுட் பிணைந்து கிடந்தன என்றும் அவர் காட்டியுள்ளார்.

அயலார் எழுதிய நூல் கிடக்கட்டும். நம் வீட்டு முதியோரையே கேளுங்கள். கரையில் நின்று ஏவியவர் யார்? சேற்றில் இறங்கி மண் சுமந்தவர் யார்? நம் குலத்தார் வெட்டிய ஊரணி என்று பெருமையோடு கூறுகின்றோம். வெட்டக் காசு கொடுத்தவர் நம் குலத்தார் என்பதே சரி. மண்வெட்டி பிடித்தவர்கள் வேறு தெருவினர். அவர்கள் பிள்ளைகள் அதே ஊரணியின் படித்துறையில் இறங்க நெடுங்காலம் அனுமதிக்கப்படவில்லை. யாரேனும் இரங்கி மொண்டு ஊற்றும்வரை குடத்தோடு கரையில் நின்றனர். இதனை இக்கூட்டத்திற் சொல்வது சிலருக்குக் கசப்பாக இருக்கும். எமக்கும் கசப்பே. ஆனால் "சர்க்கார் வேண்டா, நாமே செய்துகொள்வோம்" என்று பேசும்பொழுது, அந்த "நாம்" என்பதனுள் ஊரில் எத்தனை தெரு அடங்கும் என்று எண்ணிப் பார்த்தல் முறையன்றோ? வரிப்பணத்திற்கு ஒரு குணம் உண்டு. அதிற் கட்டிய குழாயடியில் எவரையும் விலக்க எவருக்கும் உரிமை இல்லை. நன்கொடைக்கு அக்குணம் இயல்பாய் அமைவதில்லை. கொடுப்பவர் தாமே அதனை விதித்தல் வேண்டும்.

அவ்வாறாயின் எல்லாவற்றையும் சர்க்காரே செய்க என்று விட்டுவிடலாமா எனின், அதுவும் ஆகாது. தமிழ்நாட்டில் 39,000-க்கு மேற்பட்ட ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன. நூறு ஏக்கரும் அதற்கு மேலும் பாசனம் உள்ளவை, ஏறத்தாழ 14,000, நீர்வளத் துறையின் பொறுப்பு. ஏனையவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு. இவ்வளவையும் தலைநகரில் எழுதும் கட்டளையினால் மட்டும் காத்தல் இயலுமோ? 2017-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலத்தில் குடிமராமத்து என்ற பழம்பெயருடன் ஒரு திட்டம் தொடங்கப்பெற்றது. முதலில் 100 கோடி ரூபாய். 2019–20-இல் ஏறத்தாழ 500 கோடி ரூபாய். பாசன உழவர் பத்தில் ஒரு பங்கைப் பணமாகவோ, பொருளாகவோ, உழைப்பாகவோ தருதல் வேண்டும் என்பது நிபந்தனை. பல கண்மாய்கள் பயன் பெற்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், உழவர் சங்கம் என்று பெயர் இருந்த இடத்தில் ஒப்பந்தகாரர் நின்றார் என்னும் முறையீடு பல ஊர்களில் எழுந்தது. அப்படி நடந்திருந்தால், அந்தப் பத்திலொரு பங்கு காகிதத்தில் மட்டுமே செலுத்தப்பட்டதாகும்.

2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடந்த நூறு நாள் வேலையில், நம் மாவட்டத்துப் பெண்டிர் வெயிலில் நின்று எத்தனையோ ஊரணிகளைத் தோண்டினர். அவ்வுழைப்புக்குக் கூலி கிடைத்தது. கட்டாய உழைப்புச் சட்டத்தின் காலத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை நகரத்தார் பலர் உணர்வதில்லை; மரநிழலில் உட்கார்ந்திருந்த நால்வரைக் கண்டு பரிகசிப்பதே அவர்கள் வழக்கம்.

சர்க்காரும் பொதுமக்களும் பாதிப்பாதியாகக் கூடுவதே சிறந்தது என்று சிலர் கூறுவர். 1997-இல் தோன்றிய "நமக்கு நாமே" திட்டம் அவ்வகையது. இடையிற் பெயர் மாறி, 2021-இல் மீண்டும் அப்பெயரே பெற்றது. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை ஊரார் கொடுத்தால் மற்றதைச் சர்க்கார் ஏற்கும். ஊக்கம் உள்ள ஊர்க்கு இது நல்ல துணை. நமது சங்கமும் பள்ளிக்கூடத்து அறைகளுக்கு இவ்வழியை நாடலாம். ஆனால் ஒன்று நோக்குங்கள். மூன்றில் ஒரு பங்கை உடனே கொடுக்கவல்ல ஊர் எது? வெளிநாட்டிற் பொருளீட்டும் மக்களையுடைய நம்முடைய ஊர். கொடுக்க இயலாத ஊர் எது? நமக்கு வடக்கே இரண்டு கல் தொலைவில், ஆண்மக்கள் யாவரும் செங்கற் சூளைக்கும் கட்டட வேலைக்கும் சென்றுவிட்ட சிற்றூர். பொதுப்பணம், ஏற்கெனவே பணம் உள்ள இடத்தை நோக்கி ஓடுகின்றது. தாழ்த்தப்பட்டோர் குடியிருப்புகளுக்குப் பங்கு குறைக்கப்பட்டுள்ளது உண்மையே, அது நன்று. இருப்பினும், இத்தகைய திட்டத்தில் நாம் பெறும் ஒவ்வொரு ரூபாயும் நம் தகுதிக்குக் கிடைத்த பரிசு என்று மார்தட்டிக்கொள்ள வேண்டா.

நன்கொடையால் எதுவும் ஆகாது என்று யாம் கூறுவதாக இளைஞர் நினைத்தல் கூடாது. 2018 நவம்பரில் கஜாப் புயல் தஞ்சைக் கடைமடைப் பகுதியைத் தென்னை தென்னையாய் வீழ்த்திய பின், அடுத்த ஆண்டிலேயே பேராவூரணி இளைஞர்கள் தாமே பணம் திரட்டிப் பெரிய ஏரியைத் தூர் வாரத் தொடங்கினர். சர்க்கார் கோப்பு ஒரு மேசையிலிருந்து மறு மேசைக்குப் போகும் காலத்திற்குள் அவர்கள் வேலையைத் தொடங்கிவிட்டனர். விரைவு, ஊரறிந்த கண், வேலை நடக்கும் இடத்தில் நிற்கும் காவல் ஆகியவை பணத்தால் மட்டும் வாங்கக்கூடியவை அல்ல. மண்ணை எவ்வளவு ஆழம் அள்ளலாம், எங்கே களிமண் படுகை தொடங்குகின்றது, அதனைக் குத்தினால் நீர் நில்லாது என்பதை உள்ளூர் உழவன் அறிவான்; வண்டிக் கணக்கில் மண் விற்கும் ஒப்பந்தகாரனுக்கு அதனை அறியவும் விருப்பம் இராது.

எனினும், எந்த இளைஞர் கூட்டமும் மண்வெட்டியால் தீர்க்க இயலாத அழுக்கும் உண்டு. பாலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளின் தோல் பதனிடும் சாலைகளிலிருந்து வெளிவந்த கழிவுநீர் ஆற்றையும், வயலையும், கிணற்றையும் கெடுத்தது. அதனை யார் செலவில் தூய்மை செய்வது? உழவரிடம் நன்கொடை கேட்பதா? பொதுமக்கள் வரியிலிருந்து கொடுப்பதா? வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் என்னும் சங்கம் இவ்விரண்டையும் செய்யாமல் உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள், கெடுத்தவனே செலவை ஏற்றல் வேண்டும் என்னும் நெறி இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோற்சாலை ஒவ்வொன்றிற்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. பாதிப்புற்றோர்க்கு இழப்பீட்டைக் கணக்கிட ஓர் அதிகார அமைப்பையும் ஏற்படுத்தச் செய்தது. துயரம் அத்தோடு தீர்ந்ததோ எனின், இல்லை. 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மீண்டும் தீர்ப்பெழுத நேர்ந்தது. இழப்பீட்டை அரசு கொடுத்து, கெடுத்தவரிடம் வசூலிக்க வேண்டும் என்றும், மேற்பார்வைக்குக் குழு அமைக்க வேண்டும் என்றும் கூறிற்று. இடையில் கழிந்தவை ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகள்.

இவ்வழக்கிலிருந்து யாம் கற்றது ஒன்று. அந்த மன்றத்தாரும் நம்மைப் போன்ற தன்னார்வச் சங்கத்தினரே. அவர்கள் தம் முயற்சியை ஆற்றங்கரையில் துடைப்பம் பிடிக்கச் செலவிடாமல், பொறுப்பாளி யார் என்று நிலைநாட்டச் செலவிட்டனர். காலையில் நிகழ்ந்த வாதத்தில் சர்க்கார் பணம், நம் பணம் என்னும் இரண்டு பைகளை மட்டுமே பேசினோம். கெடுத்தவன் பை என்று மூன்றாவது ஒன்று உண்டு என்பதை மறந்தோம். வரியில் துடைத்தாலும், கொடையில் துடைத்தாலும், அவன் பை நிறைந்தபடியே இருக்கும்.

அந்த மூன்றாவது பை நம் ஊரணிக்கும் பொருந்துமோ என்று கேட்பீர்கள். பொருந்தும். இதனைச் சொல்லவே இவ்வளவு நேரம் சுற்றி வந்தோம்.

போன ஐப்பசியில் யாம் ஊருக்குச் சென்றிருந்தோம். நல்ல மழை பெய்துகொண்டிருந்தது. தெருவில் முழங்காலளவு வெள்ளம். ஊரணியிலோ கணுக்காலளவு நீர். குடை பிடித்துக்கொண்டு வரத்துக்கால் வழியே நடந்து பார்த்தோம். மேற்கே சாலையைக் கடந்து சிறிது தூரம் வரை கால்வாய் தெளிவாய் உளது. அப்பால் ஒரு சுற்றுச் சுவர். அதனை அடுத்து ஒரு கல்யாண மண்டபத்தின் சமையற்கூடம். அதன் கழிவுநீர் எஞ்சிய கால்வாயில் விழுகின்றது. சுவருக்கும் மண்டபத்திற்கும் உரியவர்கள் நம் சங்கத்தின் அங்கத்தினரே. பெயர் சொல்ல மாட்டோம். இக்கூட்டத்திற்கு அவர்கள் வந்திருத்தலும் கூடும். அவர்கள் தீய எண்ணத்தோடு கட்டினர் என்றும் எண்ணவில்லை, கால்வாய் பல ஆண்டு வறண்டு கிடந்தது, எல்லைக்கல்லும் மறைந்தது. ஆயினும், அச்சுவர் நிற்குமட்டும், கோடி ரூபாய் திரட்டி ஊரணியைப் பாதாளம் வரை தோண்டினாலும் அங்கே நீர் சேராது. முன்பு நாம் தூர் வாரியபொழுதும் சுவர் நின்றது. எவரும் வாய் திறக்கவில்லை. உறவினர் மனம் கோணாமல் இருக்கவேண்டிப் பிறரிடம் நன்கொடை வாங்கிச் செலவிட்டோம் என்று ஒருவர் நம்மைக் கேட்டால், என்ன விடை சொல்வோம்?

ஆகவே, காலையிற் கைவிடப்பட்ட தீர்மானத்தைச் சிறிது மாற்றி, நாளைக் காலைக் கூட்டத்தின் முன் வைக்க விரும்புகின்றோம். நன்கொடைப் பட்டியலை இப்பொழுது திறக்க வேண்டா. 1994-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி ஊரணி ஊராட்சியைச் சார்ந்தது. அதன் தீர்மானமும், மேலதிகாரியின் அனுமதியும் இன்றி நாம் ஒரு கூடை மண்ணும் எடுத்தல் தகாது. முதலில் வரத்துக்காலை அளந்து கல் நடுமாறு ஊராட்சி மூலமாக வட்டாட்சியருக்கு விண்ணப்பம் செய்வோம். அளவை முடிந்து சுவர் விலகிய பின், தூர் வாரும் வேலையை நூற்றுக்கு நூறு சர்க்காரிடம் கோருவோம். அது வரிப்பணத்திற்கு உரிய வேலை. நம் பணத்தை ஒரு நிலையான வைப்பாக்கி, அதன் வட்டியிலிருந்து ஒரு காவற்காரனுக்கு மாதக் கூலி கொடுப்போம். அக்காவற்காரனை ஊர்க் கூட்டம் தேர்ந்தெடுக்கட்டும். எல்லாத் தெருவும் அமர்ந்த கூட்டமாக அஃது இருக்கட்டும். படித்துறையில் நம் குலப்பெயர் பொறித்த கல் ஒன்று வைக்க வேண்டும் என்று சிலர் ஆசைப்படுகின்றனர். பழைய கல் ஒன்று அங்கே முன்பே உளது. எழுத்துத் தேய்ந்து கிடக்கின்றது. அது போதும் என்பது எம் அபிப்பிராயம்.

மண்டபத்தாரோடும் சுவருக்கு உரியவரோடும் பேசும் பொறுப்பைக் காரியதரிசியிடம் விடலாகாது. அவர் இளைஞர், மணவழியில் இரு வீட்டாருக்கும் உறவினர். அப்பொறுப்பை யாமே ஏற்றுக்கொள்கின்றோம். வரும் ஞாயிறன்று காலை பத்து மணிக்கு மேற்குச் சாலைப் பாலத்தருகே நிற்போம். பழைய எல்லை எங்கிருந்தது என்று நினைவுடைய முதியோர் யாரேனும் உடன் வருவதாயின், அவர்களை அழைத்துச் செல்ல வண்டி ஏற்பாடு செய்யப்படும். வீட்டுப் பெட்டியில் கிரயப் பத்திரமோ, பழைய புலப்படமோ வைத்திருப்பவர்கள், அவற்றின் நகலைச் சனிக்கிழமைக்குள் சங்கக் காரியாலயத்தில் சேர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம்.